என் அம்மாவை இரவல் வாங்கியவள்

அவள் பேரைச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் அந்தப் பேர் ஒலித்தது போதும். பேர், ஊர், நல்ல குணம் எல்லாம் அவளுக்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அவள் 'அவள்'தான். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற 'அவள்'.

பம்பாய் பக்கம் ஐரோலியில், வெளிநாட்டு ஹோட்டல் புக்கிங்கில் வருகிற புகார்களையெல்லாம் ஃபோனில் கேட்டுத் தீர்த்துவைக்கிற ஒரு கம்பெனியில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். நான் மாட்டுங்காவில் ஸ்லோ லோக்கல் ரயில் பிடிப்பேன். அடுத்த ஸ்டேஷன் சயானில் அவள் ஏறுவாள். வீடு தாராவி. தாணாவில் இறங்கி ஐரோலிக்கு வேறு வண்டி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். ஒல்லியாக, கறுப்பாக, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டின தலையோடு, கூட்டத்தில் எங்கேயிருந்தாவது நுழைந்து சரியாக என் பக்கத்தில் வந்து நிற்பாள். "அக்கா, கொஞ்சம் தள்ளுங்க." தள்ளினேன். அதுதான் நான் செய்த தப்பு.

கம்பெனிக்கு ஸ்பெயினிலிருந்து புதிதாக வேலை வந்தது. ஸ்பானிஷ் கற்றுக்கொண்டால் தனி டீம், நன்றாகச் செய்தால் அங்கேயே போகலாம் என்று ஆசை காட்டி, எங்களில் சில பேரைப் பொறுக்கி ஷிஃப்ட் முடிந்ததும் டிரெயினிங் ரூமில் உட்கார்த்திவைத்தார்கள். டீச்சர் தாதர்க்காரி, மராத்திப் பெண். எல்லாரும் அவளை 'ப்ரோஃபே' என்றுதான் கூப்பிட வேண்டும். ஸ்பானிஷில் வாத்தியாருக்கு அப்படித்தானாம்.

எனக்குப் படிப்பு வரும். அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. நிகழ்காலம் எல்லாம் நான்தான் முதலில் முடித்தேன். அவள் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் ப்ரோஃபே பலகையில் புதிதாக ஒரு இறந்தகாலத்தை எழுதினாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

அந்தக் காலம் ஒருமுறை நடந்து முடிந்ததைச் சொல்ல இல்லை. அதற்கு வேறு ஒன்று இருக்கிறது. இது வழக்கமாக நடந்துகொண்டிருந்ததைச் சொல்ல. எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்கிற கவலையே கிடையாது. நாம் "சின்ன வயசில் மரம் ஏறுவேன், பாட்டுப் பாடுவேன்" என்கிறோமே, அது. ஒழுங்கான வினைச்சொற்களுக்கு இதைவிடச் சுலபம் ஒன்றுமில்லை. 'அர்' என்று முடிந்தால் 'ஆபா'. 'எர்', 'இர்' என்று முடிந்தால் 'ஈயா'. அப்லார் என்றால் பேச, அப்லாபா என்றால் பேசுவேன், அந்தக் காலத்தில். கொமேர் சாப்பிட, கொமீயா சாப்பிடுவேன். விவீர் வாழ, விவீயா வாழ்ந்துகொண்டிருந்தேன். "பஸ், இத்னா ஹீ ஹை", இவ்வளவுதான் என்று ப்ரோஃபே கையைத் தட்டிச் சாக்பீஸ் தூளை உதறினாள்.

சின்ன வயசைப் பற்றிச் சொல்லுங்கள் என்று வீட்டுப்பாடம். நான் பள்ளிக்கூடம் போவேன், பால் குடிப்பேன், எட்டு மணிக்குத் தூங்குவேன் என்று தப்பே இல்லாமல் எழுதிப் படித்தேன். பக்கத்துப் பையன் கொட்டாவி விட்டான். அவள் எழுந்தாள். சின்ன வயசில் நான் கோழிகளோடு தூங்குவேன் என்று ஆரம்பித்தாள். கோழிகளுக்குப் பேர் வைப்பேன், மாமாக்கள் பேர். மாமா யாராவது திட்டினால் அந்தக் கோழியைத் துரத்துவேன். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. ப்ரோஃபே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தாராவியில ஏதுடி கோழிப் பண்ணை?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"என்னோடது இல்லக்கா. காலைல நம்ம கூட ஏறுச்சே, குர்லா நர்ஸ் அக்கா, அவியளது. கேட்டு வாங்குனேன்."

"அப்ப அது பொய்யில்லையோ?"

"பொய்யில்லக்கா, இரவலு."

இதுதான் அவள். இந்த ஒன்றுதான் அவள் முழுக்க. அடுத்த நாளிலிருந்து ரயிலில் லேடீஸ் டப்பாவில் யார் பக்கத்தில் நின்றாலும், முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு கேட்பாள். "ஆன்ட்டி, பச்பன் மே ஆப் க்யா கர்த்தீ தீ?" சின்ன வயசில் என்ன செய்வீர்கள். அவ்வளவுதான் கேள்வி. மீன்கூடைக்காரி சொல்லுவாள். பாங்க் மேனேஜரம்மா சொல்லுவாள். ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருக்கிறவள்கூட எழுந்து சொல்லுவாள். நான் பத்து வருஷமாகப் போய்வந்த அதே வண்டி, அதே பெண்கள். மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒண்டிக்கொள்ள "ஃபோர்த் சீட் கொடு" என்பதற்குமேல் என்னிடம் ஒருத்தியும் பேசினதில்லை. இவள் கேட்டால் மட்டும் பொலபொலவென்று கொட்டுவார்கள். முலுண்டில் இறங்க வேண்டியவள் கதையை முடித்துவிட்டுத் தாணாவில் இறங்கித் திரும்பிப் போவாள். இவள் உதட்டுக்குள் ஆபா, ஈயா, ஆபா, ஈயா என்று அதையெல்லாம் ஸ்பானிஷாக்கிக்கொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உனக்குன்னு ஒரு சின்ன வயசு கிடையாதா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"இருந்துச்சி. தண்ணி பிடிப்பேன், தம்பியத் தூக்குவேன், திரும்பவும் தண்ணி பிடிப்பேன். ஒருக்கா சொன்னா தீந்து போச்சில்லா? அதுக்கு மார்க்கு யாரு போடுவா?" என்று சிரித்தாள். சிரிக்கும்போது அழகாக இருந்தாள், அதுவேறு.

சரி, வீட்டுக்கு வருகிறேன். எரிச்சலே அங்கேதான்.

அவள் வீட்டுக்குக் கீழே தோல் பை தைக்கிற மெஷின்கள். சத்தத்தில் படிக்க முடியாது என்றாள். "எங்காத்துக்கு வாயேன், சேர்ந்து படிக்கலாம்" என்று கூப்பிட்டது நான். வேறு யாரும் இல்லை, நானே. வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நான் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அம்மா ஃபோர்ட்டில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவள். முழங்கால் வலி, பேசினால் வாய் வலி. "சாப்டியா?" "லேட்டாகுமா?" "கேஸ் மூடினியா?" எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சென்றால் இவ்வளவுதான். சண்டை கிடையாது. ஆனால் ஒரே ஒரு தடவை அம்மா என்னோடு உட்கார்ந்து, ஒரு காரணமும் இல்லாமல், சும்மா பேச மாட்டாளா என்று எனக்கு எத்தனை நாள் இருந்திருக்கிறது! கேட்டுப் பெறுகிற சாமானா அது? கேட்கவில்லை.

முதல் நாள் அவள் "நமஸ்தே ஆன்ட்டி" என்றாள். அடுத்த வாரம் "மாமி". அதற்கும் அடுத்த வாரம் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "மாமி, பம்பாய்க்கு வந்த புதுசுல நீங்க என்னெல்லாம் செய்வீய?"

நான் உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். "அம்மாகிட்ட அதெல்லாம் கேக்காதே, பிடிக்காது" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஹாலில் ஒரு சிரிப்புச் சத்தம். அவள் சிரிப்பு எனக்குத் தெரியும். இது அவளுடையது இல்லை. டம்ளரோடு ஓடி வந்து பார்த்தால், என் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் நிறுத்தினார்கள்.

"என்ன பேசிண்டிருந்தேள்?"

"ஒண்ணுமில்லை, சும்மா" என்றாள் அம்மா.

எனக்கு வேண்டியிருந்ததும் அந்த 'சும்மா'தான். அப்புறம் அது வாடிக்கையாகிவிட்டது. அவள் வருகிற நாளில் அம்மா நாலு மணிக்கே முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்வாள். எனக்கு இட்லியே போதும் என்கிறவள், அவளுக்கென்று வாழை இலை வாங்கிவரச் சொல்லி எலையடை பண்ணினாள். "அது குழந்தை, நன்னாச் சாப்பிடும்" என்றாள். நான் என்ன, சாப்பிடாமலா வளர்ந்தேன்? ஒரு நாள் அவள் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வாரேம்மா" என்றாள். மாமியும் போய் அம்மா ஆகிவிட்டது! அம்மா திருத்தவில்லை. "ஜாக்கிரதையாப் போ, ஸ்டேஷன் பிரிட்ஜில கூட்டமா இருக்கும்" என்றாள்.

கடைசிப் பரீட்சை வந்தது. ஸ்பெயினிலிருந்து ஒரு சென்யோரா வீடியோவில் கேள்வி கேட்பாள். எல்லாரும் ஒரே அறையில்தான் இருக்க வேண்டும், ஒருத்தர் பேசுவதை மற்றவர் கேட்க வேண்டும். தலைப்பு, குடும்பத்தில் ஒருவர் முன்பு எப்படி இருந்தார் என்பது. நான் அம்மாவைப் பற்றிப் பேசினேன். மி மாத்ரே த்ரபஹாபா, என் அம்மா ஆபீசில் வேலை பார்ப்பாள். கொஸினாபா, சமைப்பாள். சாயங்காலம் வொல்வீயா, வீடு திரும்புவாள். ஒரு தப்பில்லை. சென்யோரா "முய் பியேன்", ரொம்ப நன்று என்று சொல்லி ஏதோ குறித்துக்கொண்டாள்.

அடுத்து அவள். அவளும் "மி மாத்ரே" என்றுதான் ஆரம்பித்தாள். என் அம்மா டேபிள் டென்னிஸ் விளையாடுவாள்.

வண்டியில் எவளிடமோ வாங்கினது என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஆபீஸ் கிளப்பில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு விளையாடுவாள். ஆபீசர்களை எல்லாம் தோற்கடிப்பாள். தோற்றவர்கள் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும். எஸ்கொந்தீயா, ஒளித்துவைப்பாள், பேட்டைச் சாப்பாட்டுப் பைக்குள், தயிர்சாத டப்பாவுக்கு அடியில். சாயங்காலமும் விளையாடிவிட்டுச் செம்பூரில் அக்கா வீட்டுக்குத் திரும்பி, "ஓவர்டைம்" என்று புளுகுவாள். அக்கா நம்புவாள், தங்கை இப்படி உழைத்து இளைக்கிறாளே என்று நெய் அதிகம் விடுவாள்.

செம்பூர். அக்கா. என் பெரியம்மா வீடு செம்பூரில்தான். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் அங்கேதான் இருந்தாள். ஜன்னலை விட்டு அவள் பக்கம் திரும்பினேன். அவள் அடுத்து, ஒரே ஒரு வாக்கியத்துக்கு மட்டும், நடந்து முடிந்ததைச் சொல்கிற அந்த இன்னொரு காலத்துக்குப் போனாள். ஒரு நாள் பந்தை எட்டிப் பிடிக்கப்போய் மேஜை விளிம்பில் மோதிக்கொண்டாள், இடது புருவத்துக்கு மேலே தழும்பு. அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்த தழும்பு அது என்றுதான் நாற்பது வயதுவரை எனக்குத் தெரியும்.

என் அம்மா! இரண்டு நிமிஷம் முன்னால் நான் ஆபீசுக்குப் போகவைத்து, சமைக்கவைத்து, வீடு திரும்பவைத்த அதே அம்மா. இவள் வாயில் ஓடுகிறாள், குதிக்கிறாள், புளுகுகிறாள், ஐஸ்கிரீம் தின்கிறாள். நான் அவளைப் பார்த்ததே இல்லை. பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அதுவும், தாராவியிலிருந்து வந்த ஒருத்தி, பாதி புரிகிற ஒரு பாஷையில் காட்டித்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது.

சென்யோரா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போதும் விளையாடுகிறாளா என்று கேட்டாள்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நோ, சென்யோரா" என்றாள். பிறகு, "நஸீ யோ."

இல்லை, நான் பிறந்துவிட்டேன்.

என் பிறப்பைக்கூட அவளே எடுத்துக்கொண்டாள், பார்த்தீர்களா.

திரும்பும்போது ஐரோலி பிளாட்பாரத்திலேயே அவளைப் பிடித்துக்கொண்டேன். "என் அம்மாவை எங்கேடி கொண்டுபோய் விக்கறே? யாரைக் கேட்டுச் சொன்னே?"

அவள் நிஜமாகவே முழித்தாள். "அம்மாகிட்ட கேட்டுட்டுத்தானக்கா சொன்னேன். 'சொல்லேன், எனக்கென்ன' ன்னாங்க. நீங்களும் அம்மாவப் பத்தித்தான் பேசப்போறீயன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க பேசயில பயந்தே போனேன், எல்லாத்தையும் நீங்களே சொல்லிருவீயன்னு. நீங்க டேபிள் டென்னிஸ் பத்தி வாயே தொறக்கல. எனக்காக விட்டுக்குடுத்தீயன்னுல்லா நெனச்சேன்!"

"எனக்குத் தெரியாதுடி."

"என்னது தெரியாது?"

"எதுவுமே தெரியாது."

அவள் முகம் சுருங்கிப்போய்விட்டது. "பெத்த மவளுக்குத் தெரியாம இருக்குமாக்கா?" என்றாள், மெதுவாக. அவள் கிண்டல் பண்ணியிருந்தால்கூடப் பரவாயில்லை. பரிதாபப்பட்டாள். அதற்குத்தான் இன்றைக்கும் அவளை மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பையைக்கூட வைக்காமல் ஆரம்பித்தேன். டேபிள் டென்னிஸ், பேட், பெரியம்மா, தழும்பு, எல்லாவற்றையும் கொட்டினேன். "எவளோ ஒருத்திகிட்ட சொன்னியே, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

அம்மா இன்னும் நாலைந்து பீன்ஸை நறுக்கினாள். பிறகு கத்தியை வைத்தாள்.

"நீ பொறந்தப்புறம் விட்டுட்டேன். யாரும் வேண்டாம்னு சொல்லலை, உங்கப்பா சொல்லலை. உன்னைப் பாத்துக்கறவ ஆறு மணிக்குக் கெளம்பிடுவா, ஆபீஸ் விட்டா நான் ஓடி வரணும். மத்தியானம் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டு பர்மிஷன் வாங்கிண்டு உனக்குப் பால் குடுக்க வரணும். அவ்வளவுதான். பேட்டை யாருக்கோ குடுத்துட்டேன்."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிடி சொல்றது? நீ வரதுக்கு முன்னாடி நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன்னு, பெத்த பொண்ணுகிட்ட எப்படிடி சொல்றது? அவகிட்ட சொன்னா அது கதை. நன்னாச் சிரிச்சுண்டு கேட்டா, போயிட்டா. உன்கிட்ட சொன்னா, உன்னாலதான் எல்லாம் போச்சுன்னு சொல்ற மாதிரின்னா ஆயிடும்! நான் அப்படி நினைச்சதே இல்லை, கேட்டியோ. ஆனா நீ அப்படித்தான் எடுத்துப்பே."

அந்த நிமிஷம் நான் உட்கார்ந்து அம்மா கையைப் பிடித்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கென்னவோ அதெல்லாம் வரவில்லை. "அவ நன்னாத்தான் கேப்பா, அவளுக்கென்ன" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா சொன்னது சரிதான். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. அதற்கு நான் வயிறெரியவில்லை, சத்தியமாக. ஸ்பெயினுக்கே போய்விட்டாள். போகும்முன் வந்து அம்மாவை நமஸ்காரம் பண்ணினாள்; என்னிடம் "வாரேங்க்கா" என்றாள். நான்தான் கீழே போய் டாக்ஸி பிடித்துக்கொடுத்தேன். விட்டது தொல்லை என்று படியேறி வந்தேன்.

எங்கே விட்டது! ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணியானால் அம்மாவுக்கு வீடியோ கால். நான் சமையல் உள்ளில் இருப்பேன், எனக்கென்ன அங்கே வேலை. வேண்டுமென்றே மிக்ஸியைப் போடுவேன், பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். அம்மாவின் குரல் அதையும் மீறிக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் அம்மா தோழிகளோடு எந்தக் கடற்கரையில் நடப்பாள், யார் புடவையை யார் மாற்றிக் கட்டிக்கொள்வார்கள், மழையில் தண்டவாளம் மூழ்கினால் எல்லாரும் எப்படிப் பாடிக்கொண்டே நடந்து வருவார்கள். தூர தேசம் என்றால் அம்மாவுக்குக் கத்திப் பேச வேண்டும் என்று நினைப்பு போல என்று எனக்குச் சிரிப்பாகவும் வரும், ஆத்திரமாகவும் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். புளி எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டு ஹால் வாசல்வரை வந்தேன். அம்மா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஃபோன் மடியில் இருந்தது. திரை கறுப்பாக இருந்தது. கால் எப்போதோ முடிந்துவிட்டிருக்கிறது. அம்மா நிறுத்தவில்லை. பூனாவுக்கு மேட்ச் ஆடப் போவோம், ரயிலில் டிக்கெட் செக்கரைக் கலாட்டா பண்ணுவோம் என்று, அதே கத்தலான குரலில், சமையல் உள்ளுக்குக் கேட்கிற மாதிரி, சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் சத்தம் போடாமல் திரும்பிப் போனேன். குழாயை மூடினேன். அடுப்பை அணைத்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லாமல் போகவும் அம்மா பேச்சை நிறுத்தினாள்.

"கேக்கறதா?" என்றாள் அம்மா, ஹாலிலிருந்து.

"கேக்கறதும்மா" என்றேன்.